நாலாவது கோடு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் சீட்டை அமுக்கிப் பார்ப்பார்கள், அப்புறம் ஹாரனை அடித்துப் பார்ப்பார்கள். ஹாரன் அடித்தால் இன்ஜினின் யோக்கியதை தெரிந்துவிடுமா? இதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தாறு வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறேன். கோபக்காரன் என்று பெயர். அந்தப் பெயரை நான் மறுத்ததில்லை; மறுக்கப் போனால் அதற்கும் கோபம் வரும்.

அன்று காலை பார்க்கப் போன கார் என் தங்கைக்கு. அவள் நர்ஸ். குடியிருப்பது மேட்டில், வேலை கீழே ஆஸ்பத்திரியில். நடுவில் ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாகப் பதினோரு வளைவு. இத்தனை நாள் பஸ்ஸில் போய் வந்தாள். இப்போது பஸ் நேரத்தை மாற்றிவிட்டார்கள். அவளுடைய இரட்டைப் பெண்களின் பள்ளிக்கூடமும் கீழேதான். ஆக, வாங்கப் போகும் வண்டியில் தினமும் காலையில் மூன்று உயிர் அந்தச் சரிவில் இறங்கும்.

"அண்ணா, பளபளப்பெல்லாம் எனக்கு வேண்டாம். குழந்தைங்கள வச்சுக்கிட்டு இதுல இறங்கலாமா, கூடாதா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

"நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும்" என்றேன். அவள் சிரித்தாள். என் சிடுசிடுப்பை அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

கூட வந்தவர் அவள் கணவர். அவரும் நானும் நாலு வருடம் பேசாமல் இருந்தோம். காரணம் என் வாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தங்கையை மேட்டுக்குக் குடி மாற்றிக் கூட்டிப் போய்விட்டார் என்று போனில் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரம். என்ன பேசினேன் என்று பாதி நினைவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது: "போடா." தங்கையின் புருஷனைப் பார்த்து யாராவது 'டா' போடுவார்களா? நான் போட்டேன். அவர் போனை வைத்தார். அதற்கப்புறம் என் போனை அவர் எடுக்கவே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு இரட்டையரில் சின்னவள் கீழே விழுந்து கையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம்தான் சுவரையே பார்ப்பது? அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மச்சான், நீங்க எவ்வளவு வேணா திட்டுங்க, கேட்டுக்கறேன். அந்த 'டா' மட்டும் வேண்டாம். இன்னொரு தடவ வந்துச்சுன்னா அவ்வளவுதான், நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்." சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி இந்தக் கார்.

தொழிலில் எனக்கு இன்னொரு பெயரும் உண்டு: மஞ்சக்கோடு. ஒரு போல்ட்டை முழு இறுக்கம் இறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு சின்னக் கோடு இழுப்பேன். போல்ட் துளி அசைந்தாலும் கோடு உடைந்து கோணலாகிவிடும். கோடு நேராக இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். பல மெக்கானிக்குகள் செய்வதுதான். ஆனால் என்னளவுக்கு யாரும் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் இந்தக் கோட்டுப் புராணத்தைப் பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். மாப்பிள்ளைக்கு அது மனப்பாடம்.

ஒரே ஒரு கார் விஷயத்தில் மட்டும் அந்தக் கோடு பொய். எப்படியும் சொல்லத்தான் வேண்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன். நாலு வருடத்துக்கு முன்பு ஒரு சாம்பல் நிறக் கார் வந்தது, டைமிங் பெல்ட் மாற்றுவதற்கு. இன்ஜினுக்குள் மேலும் கீழும் போய்வரும் உறுப்புகள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது அந்த ரப்பர் பெல்ட்தான். அது வழுக்கினால் ஓடும்போதே இன்ஜின் உடைந்து அடங்கிவிடும். ஸ்டியரிங் கல்லாகும். பிரேக்கும் இரண்டு மிதிக்கு மேல் கேட்காது. பெல்ட்டைச் சுற்றி நாலு போல்ட். நாலாவதுதான், பெல்ட் தொய்யாமல் பிடித்திருக்கும் உருளையினுடையது.

அன்று பெயிண்ட் பேனா காய்ந்துகொண்டிருந்தது. மை வரும்போதே கோட்டைப் போட்டுவிடுவோம் என்று, நாலு போல்ட்டையும் சின்ன ஸ்பேனரால் லேசாகப் பிடிக்க வைத்துவிட்டு, முதலில் நாலு கோட்டையும் போட்டேன். அப்புறம் நீளக் கைப்பிடி ஸ்பேனரை எடுத்து ஒவ்வொன்றாக முழு இறுக்கம் கொடுக்க ஆரம்பித்தேன். நடுவில் தங்கை போன் பண்ணி, வீடு மாறிவிட்டோம் என்றாள். உடனே மாப்பிள்ளைக்கு அடித்தேன். அதுதான் நான் சொன்ன அந்த அரை மணி நேரம். திரும்பி வந்தபோது நாலு மஞ்சள் கோடும் பளிச்சென்று தெரிந்தன. கோடு இருந்தால் இறுக்கியாகிவிட்டது, கை அப்படித்தான் பழகியிருந்தது. மூடியைப் போட்டு வண்டியை அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் பொறி தட்டியது. எத்தனை போல்ட்டை இறுக்கினேன்? இரண்டா, மூன்றா, நாலா?

அந்த ஆளுக்கு போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. மஞ்சக்கோடு கோட்டை விட்டான் என்று ஊரே சிரிக்குமே! பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டார். 'சாம்பல் கார்' என்று அவர் நம்பரைப் பதிந்து வைத்திருந்தேன். அந்தப் பெயர் திரையில் தெரிந்துகொண்டே இருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. வெட்கங்கெட்டவன். அப்புறம் அந்த நம்பரிலிருந்து போன் வரவே இல்லை. எனக்கு ஆள் முகம் நிற்காது, வண்டி நம்பரும் நிற்காது, நிறம்தான் நிற்கும். நாலு வருடமாக ரோட்டில் எந்தச் சாம்பல் காரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாங்கள் அன்று பார்க்கப் போனது நீல நிறக் கார்.

மேட்டுக் குடியிருப்பின் கடைசி வீடு அது. கார் பக்கத்து ஷெட்டில் நின்றது. வீட்டுக்கார அம்மா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"காலைல ஸ்டார்ட் பண்ணினீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, நேத்துலேர்ந்து தொடவே இல்ல. அவர் குளிச்சிட்டிருக்கார், வந்துடுவார். நீங்க பாருங்க." அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

வாயால் சொன்னதை நான் எப்போதும் நம்புவதில்லை. பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. ஆள் வருவதற்கு முன்பே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருந்தால் விற்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று அர்த்தம். சூட்டில் பாதிச் சத்தம் அடங்கிவிடும். இவர்கள் மறைக்கவில்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தேன். அளவு சரி. ஆயில் மூடியின் உட்பக்கத்தில் நுரை படிந்திருக்கிறதா என்று விரலால் வழித்தேன். இல்லை. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. மாப்பிள்ளையை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். ஒரே சாவியில் பிடித்தது. நீலப் புகை இல்லை, வெள்ளைப் புகையும் இல்லை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக் கேட்டேன். தட்டல் இல்லை, உரசல் இல்லை. குறை கண்டுபிடிக்க வந்தவனுக்குக் குறை கிடைக்காவிட்டால் ஒரு எரிச்சல் வரும் பாருங்கள், அது வந்தது.

"என்ன மச்சான், மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? தேறுமா, தேறாதா?" என்றார் மாப்பிள்ளை.

"இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்கு."

"அடேங்கப்பா, உங்க வாயில நல்லா இருக்குன்னு வந்துடுச்சே!"

பெல்ட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடி மட்டும் பாக்கி. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அதைக் கழற்றுவது என் வழக்கம். என் வழக்கத்தில் தீயை வைக்க.

"மூணாவது வளைவு வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடு" என்றேன் தங்கையிடம்.

"தினம் போகப் போற வழிதானே? ஒரேயடியா கீழ வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். மாப்பிள்ளை பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி வளைவில் மறைந்தது.

அப்போதுதான் வீட்டுக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார். சர்வேயராக இருந்தவர். இப்போது கண் பார்வை அனேகமாகப் போய்விட்டது. அதனால்தான் காரை விற்கிறார் என்று தங்கை சொல்லியிருந்தாள்.

"ஓட்டிப் பாக்கப் போயிருக்காங்க சார். பெல்ட் கடைசியா எப்ப மாத்துனீங்க?" என்றேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இன்னொரு தடவ பேசுங்க."

"என்ன சார், பாட்டா பாடணும்?" எனக்குச் சுள்ளென்று வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மஞ்சக்கோடு! நீங்கதானே? இந்தக் குரல மறக்க முடியுமா? அன்னைக்கு உங்க ஒர்க்‌ஷாப் பெஞ்சுல அரை மணி நேரம் உக்காந்து கேட்டேனே. போன்ல யாரையோ கிழி கிழின்னு கிழிச்சீங்க. பாவம், யாரு பெத்த புள்ளையோ!"

 "இது... நீலக் கார் சார்."

"ஒரு லாரி உரசிடுச்சு. மறுபடி பெயிண்ட் அடிக்கறப்ப சாம்பல் வேண்டாம்னு வீட்டுல சொன்னாங்க, பானெட்டுக்கு உள்ளயும் சேத்து நீலம் அடிச்சோம். பெல்ட் நீங்க மாத்துனதுதான். அதுக்கப்புறம் ஒருத்தரும் அதுல கை வைக்கல. கண்ணு மங்குனதும் ஓட்டறதையும் கொறச்சுட்டேன். வாரத்துல ஒரு நாள் வீட்டுக்காரியக் கூட்டிக்கிட்டு கீழ மார்க்கெட்டு, அவ்வளவுதான். அப்புறம் கொஞ்ச மாசமா அவ தம்பிதான் வந்து ஓட்டறான்."

கீழே எங்கோ வளைவில் வண்டி கியர் மாறும் சத்தம் கேட்டது.  தங்கைக்கு அடித்தேன். மணி என் காலடியிலேயே அடித்தது. பையை ஷெட்டு ஓரத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அடித்தேன்.

"சொல்லுங்க மச்சான். வண்டி வெண்ணெயா வழுக்கிக்கிட்டுப் போகுது, உங்க தங்கச்சி..."

"நிறுத்துடா வண்டிய!"

 போன் வைக்கப்பட்டது. மறுபடி அடித்தேன். வெட்டினார். இன்னொரு முறை அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். நாலு வருடத்துக்கு முன்பு இறுக்க வேண்டியதை இறுக்காமல் விட்டேன், அடக்க வேண்டியதை அடக்காமல் விட்டேன். இன்றைக்கும் அதே வாய், அதே போல்ட். நடுவில் என் தங்கை உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னாச்சுங்க?" என்றார் சர்வேயர்.

"சார், உங்க போனைக் குடுங்க. தயவு செஞ்சு குடுங்க."

தெரியாத நம்பர் என்பதால் மாப்பிள்ளை எடுத்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். என் குரலை அவ்வளவு தாழ்த்தி நானே கேட்டதில்லை.

"மாப்பிள்ளை, வச்சிடாதீங்க. உங்க கால்ல விழறேன். வண்டிய ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க. அப்புறம் என்னை என்ன வேணா பேசுங்க."

"எதுக்கு? நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப என்ன குறை வந்துச்சு வண்டில?"

பக்கத்தில் சர்வேயர் நின்றார். வண்டியில் ஏதோ சத்தம் கேட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னால் அவர் இன்னொரு கேள்வி கேட்பார், அதற்குள் இன்னொரு வளைவு வந்துவிடும்.

"குறை வண்டில இல்ல, என்கிட்ட. இதுக்கு பெல்ட் போட்டது நான். பெல்ட்டைப் புடிக்கற போல்ட்ட இறுக்காம விட்டுட்டேன்னு நெனைக்கிறேன். தெரிஞ்சும் நாலு வருஷமா வாயத் திறக்கல."

போனுக்குள் இன்ஜின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பிறகு அவர் குரல், என்னிடம் அல்ல: "ஓரங்கட்டு. ஒண்ணும் கேக்காத, பாறைப் பக்கமா ஓரங்கட்டு." ஹேண்ட் பிரேக் இழுக்கும் கரகரப்பு. இன்ஜின் நின்றது. 

போனை சர்வேயர் கையில் வைத்தேன்.   "வந்து பேசறேன் சார்" என்று முனகிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஏழாவது வளைவில் வண்டி நின்றது. தங்கை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். தூசியைத் துடைத்தேன். நாலு மஞ்சள் கோடு. மூன்று கோணல், நாலாவது மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டாற்போல நேர்.

மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். கோட்டுப் புராணம் மனப்பாடமானவர் அல்லவா? "மூணு அசைஞ்சிருக்கே மச்சான்! அந்த நாலாவது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு."

"இல்ல மாப்பிள்ளை. இந்த ஒரு வண்டில நான் கோட்டை முதல்ல போட்டேன், அப்புறம் இறுக்கினேன். இறுக்கறப்ப போல்ட் திரும்பும்ல? அதனால இறுக்கின மூணும் கோணலாச்சு. நேரா நிக்கறதுதான் இறுக்காதது."

நாலாவதில் ஸ்பேனரை வைத்து இரண்டே விரலால் தள்ளினேன். திரும்பியது. இரண்டு விரலுக்கே திரும்பியது! தங்கை கல்லிலிருந்து எழுந்து வந்து அதைப் பார்த்தாள். நான் முழு இறுக்கம் கொடுத்தேன். கோடு உடைந்து, மற்ற மூன்றைப் போலவே கோணலானது.  எல்லாவற்றையும் சொன்னேன்: காய்ந்த பேனா, போன் சண்டை, திரையில் தெரிந்த 'சாம்பல் கார்'.

"அப்ப நீங்க என்னைத் திட்டிக்கிட்டிருந்த அந்த அரை மணி நேரமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமா."

"அடப்பாவி மச்சான்." பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இன்னைக்கு போன்ல வந்தது எனக்குக் கேக்கல. சிக்னல் சரியில்ல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் தங்கை அவரைப் போல விட்டுவிடவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. உள்ள நான் இருந்தேன், அதனால பதறிட்டு போன் பண்ண. வேற எவளோ ஒருத்தி வந்து, இந்த வண்டிய வாங்கி, அவ புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிருந்தா? கூப்பிட்டுச் சொல்லியிருப்பியா?"

எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். எடுத்தெறிந்து பேசுவதற்கு ஊரில் எனக்கு ஈடு கிடையாது. அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் வாயில் வரவில்லை.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "முதல்ல மேல போய் அவங்ககிட்ட சொல்லு. வாங்கறதா வேண்டாமாங்கற பேச்சு அப்புறம்." பிறகு கணவரைப் பார்த்தாள். "வாங்க, நாம நடந்தே போலாம்."

வண்டியை நான் தனியாக ஓட்டிக்கொண்டு மேலே வந்தேன். சர்வேயர் ஷெட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போன் மடியில் இருந்தது. சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

"சார், நீங்க கேட்டிருப்பீங்க."

"கேட்டேன்." சாவியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "இறுக்கியாச்சா?"

"இப்பதான் இறுக்கினேன் சார். ரெண்டு விரலுக்குத் திரும்புச்சு."

அவர் தலை குனிந்திருந்தது. "பெல்ட் மாத்தின பத்தாவது நாள் உங்களுக்கு ஒரு போன் பண்ணேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். பயந்துக்கிட்டு எடுக்கல."

"எதுக்குப் பண்ணேன் தெரியுமா? வண்டி சத்தமே இல்லாமப் போகுது, நல்ல கைங்க உங்களுக்கு, ஒரு நன்றி சொல்லலாம்னு பண்ணேன்."

 திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "இங்க கொஞ்சம் வாயேன்."

பிறகு என்னிடம் சொன்னார்: "வாரா வாரம் பள்ளத்துப் பக்க சீட்டுல உக்காந்து வந்தவ அவதான். அவகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன தம்பி, வண்டி புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

நான் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.